அளவு ஜாக்கெட்டும் ஜெர்மன் பத்திரிகையும்

ராஜபாளையத்தில் நூல் இருக்கிறது. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பிறகு ஊரைச் சுற்றி நூற்பாலைகள் பெருகின. பக்கத்தில் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி, தளவாய்புரத்தில் நைட்டி, ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டினால் சுந்தரபாண்டியத்தில் கைத்தறிச் சேலை. கிழக்கே சிவகாசி. தீப்பெட்டி லேபிள் அடிக்கத் தொடங்கிய ஊர், இன்று காலண்டர், டைரி, நோட்டு என்று எதைக் கேட்டாலும் அடித்துத் தரும். இந்தப் பக்கம் நூல், அந்தப் பக்கம் காகிதம், நடுவே ஆலங்குளம். தையல் பத்திரிகை ஒன்று தானாக முளைக்க வேண்டுமானால் இந்த மண்ணில்தான் முளைத்திருக்க வேண்டும். 1970-இல் இங்கே முளைத்தது சிமென்ட் ஆலை.

(தென்காசி மாவட்டத்திலும் ஓர் ஆலங்குளம் உண்டு. இது அதுவல்ல. இந்த விளக்கத்தைச் சொல்லாமல் இந்த ஊர்க்காரர்கள் யாரும் தங்கள் ஊரின் பெயரைச் சொல்லி முடித்ததில்லை.)

வெளிநாட்டில் தையல் பத்திரிகை என்பது பெரிய வியாபாரம். அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் 1863-இல், உடைகளுக்கான காகித மாதிரிகளைப் பல அளவுகளில் வெட்டி விற்க ஆரம்பித்தார். அந்த மாதிரிகளை விற்பதற்காக அவருடைய நிறுவனம் 'டெலினியேட்டர்' பத்திரிகையைத் தொடங்கியது. அதற்கு 1907 முதல் 1910 வரை ஆசிரியராக இருந்தவர் தியோடர் டிரெய்சர். 'சிஸ்டர் கேரி' எழுதி, ஒழுக்கக்கேடான நாவல் என்று ஏச்சு வாங்கிய அதே டிரெய்சர்தான். நாவல் சோறு போடவில்லை, பாவாடை மாதிரி போட்டது.

அதைவிட ருசியான கதை ஜெர்மனியில். அச்சக முதலாளி பிரான்ஸ் புர்டா, வீட்டுக்குத் தெரியாமல் வேறொரு பெண்ணுக்கு ஃபேஷன் பதிப்பகம் ஒன்று வைத்துக் கொடுத்திருந்தார். விஷயம் மனைவி ஏன்னெ புர்டாவின் காதுக்கு எட்டியது. நம் பக்கமாக இருந்தால் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, நாலு பவுனில் சங்கிலி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்திருப்பார்கள். ஏன்னெ சங்கிலி கேட்கவில்லை, பதிப்பகத்தைக் கேட்டார். 1950 ஜனவரியில் 'புர்டா மோடன்' முதல் இதழ் வந்தது. 1952-இலிருந்து இதழோடு மாதிரித் தாள் இணைப்பு. 1987-இல் சோவியத் ரஷ்யாவுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. கணவர் செய்த தப்புக்கு இத்தனை லாபகரமான தண்டனை சரித்திரத்தில் அபூர்வம்.

அந்த மாதிரித் தாளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரே காகிதத்தில் பல உடைகளின் கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. வருவாய்த் துறை வரைபடத்தின் மேலேயே மின்வாரியமும் குடிநீர் வாரியமும் ஆளுக்கொரு கலரில் கோடு போட்டது மாதிரி இருக்கும். அதில் நமக்குரிய கோட்டைக் கண்டுபிடித்து, மெல்லிய தாளை மேலே விரித்து நகலெடுத்து, தையலுக்கான விளிம்பைச் சேர்த்து, அதன் பிறகுதான் துணியில் கத்தரி வைக்க வேண்டும்.

நம் பக்கம் இந்த மொத்த விஞ்ஞானத்தையும் ஒரு பழைய ஜாக்கெட் முடித்துவிடுகிறது. அதன் பெயர் அளவு ஜாக்கெட். ஆலங்குளத்தில் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவரிடம் அது வந்து சேரும் விதம் இப்படி:

"அக்கா, அச்சு அசல் இதே மாதிரி தச்சிருங்க. கை மட்டும் ஒரு இஞ்ச் கூட. கழுத்து லேசா எறக்கம். தோள்பட்ட வழியுது, அதையும் பாத்துக்கோங்க. இடுப்பு பிடிக்குது."

"அப்ப இதுல எதத்தாம்மா நான் அளவா எடுக்க?"

"மத்ததெல்லாம் இதே மாதிரிதாங்க்கா."

அக்கா தலையாட்டிக்கொண்டு, சாக்குக்கட்டியால் துணியில் நாலு கோடு போட்டார். ஜாக்கெட் சரியாகத்தான் வந்தது. எப்படி என்று ஜெர்மானியர்கள்தான் வந்து ஆராய வேண்டும். போதாததற்கு, "உள்ளே துணி விட்டுத் தைங்க" என்ற நிபந்தனை. பக்கவாட்டில் மூன்று வரித் தையல் போடுவார்கள். நிச்சயதார்த்தத்துக்குத் தைத்தது, தலைப்பொங்கலுக்கு ஒரு வரி பிரியும், வளைகாப்புக்கு இன்னொன்று. குடும்ப வரலாற்றையே உள்மடிப்பில் வைத்துத் தைக்கும் நுட்பம் புர்டாவின் தாளில் கிடையாது.

தமிழில் பெண்கள் பத்திரிகைக்குப் பஞ்சமில்லை. வை.மு. கோதைநாயகி 1925-இல் 'ஜகன்மோகினி'யை ஏற்று நடத்தியதிலிருந்து 'மங்கையர் மலர்' வழியாக 1998-இல் 'அவள் விகடன்' வந்ததுவரை நீளமான வரிசை. கோலப் புத்தகம் இலவசம், ஊறுகாய்ப் புத்தகம் இலவசம். தையலுக்குக் கிடைத்ததோ, விளம்பரங்களுக்கு நடுவே ஒரு மூலை. காரணம் ஆசிரியர்களின் ஓரவஞ்சனை அல்ல. சமையல் குறிப்பில் 'உப்பு - தேவையான அளவு' என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். கைக்குழியை அப்படி எழுதினால் வாசகி அச்சகத்துக்கே வந்துவிடுவார்.

படம் போட்டாலும் வில்லங்கம்தான். 1985-இல் 'பூவே பூச்சூடவா' சினிமாவில் நடிகை நதியா வந்ததும் நதியா கம்மல், நதியா கொண்டை என்று ஊரே ஆடியது. பத்திரிகைப் படத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு டெய்லர் கடைக்கு வந்தவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். படத்தில் தெரிவது முன்பக்கம் மட்டும். முதுகு முழுக்க டெய்லரின் சொந்தக் கற்பனை. இப்போது செல்போனில் ஆரி ஒர்க் ஸ்கிரீன்ஷாட் வருகிறது. அதில் முதுகு மட்டும்தான் தெரிகிறது, முன்பக்கம் கற்பனை.

குவில்ட் கதை வேறு. துண்டுத் துணிகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வைக்கென்றே அமெரிக்காவில் பானி லெமன் 1969-இல் 'குவில்ட்டர்ஸ் நியூஸ்லெட்டர்' தொடங்கினார். 2016 வரை வந்தது. சித்திரை மாதத்தில் ஆலங்குளத்தில் அதை விரித்துப் படிப்பதற்கே தனி மனோதிடம் வேண்டும். இங்கே துண்டுத் துணி கரித்துணியாகும், தலையணைக்குள் போகும், பழஞ்சேலை தொட்டிலாகும். போர்த்திக்கொள்ள வேண்டுமென்று யாருக்கும் தோன்றியதில்லை.

ஆனால் இந்தப் பக்கத்துக்கென்று ஒரு தையல் பத்திரிகை உண்டு. ரெக்கார்டு நோட்டு. லோயர், ஹையர் என்று அரசுத் தேர்வுக்குத் தையல் படிக்கும் பெண்கள் தயாரிப்பது. ஹெம்மிங், காஜா, சங்கிலித் தையல், காம்புத் தையல், லேசி டெய்சி எல்லாம் சின்னச் சின்னத் துணியில் தைத்து ஒட்டப்பட்டிருக்கும். ஆங்கர் நூலின் ஆறு இழையைப் பிரித்து மூன்றாக எடுத்துப் போட்ட பூ இன்னும் சாயம் போகாமல் இருக்கும். நூல் ஒன்றும் அந்நியமில்லை. ஹார்வி சகோதரர்கள் 1885-இல் பாபநாசத்தில் ஆலை வைத்து, அது மதுரைக்கு விரிந்து, 1974-இல் மதுரா கோட்ஸ் ஆன வழியில் வந்தது. பொம்மைக்குப் போடுகிற அளவில் ஒரு கவுன், பிரவுன் ஷீட்டில் குட்டிச் சட்டைக்கு வரைபடம். தலையங்கம், டீச்சரின் சிவப்பு மைக் கையெழுத்து. விற்பனை ஒரே பிரதி. ஆயுள் முப்பது வருடத்துக்குக் குறையாது. பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் இருக்கும், கேட்டால் இரவல் தர மாட்டார்கள். உலகில் எந்தப் பத்திரிகைக்கும் இப்படியொரு சந்தாதாரர் வாய்த்ததில்லை.

அச்சில் ஒன்று வந்தே தீர வேண்டும் என்பது இதை எழுதுபவரின் பேராசை. கேள்வி-பதில் பகுதி தானாக நிரம்பிவிடும்: 'தீபாவளிக்குக் கொடுத்தது பொங்கலுக்கு வருமா?', 'மூன்று மீட்டர் கொடுத்தேன், மிச்சத் துணி எங்கே?', 'ஹூக் மட்டும்தான் பாக்கி என்று ஒரு மாதமாகச் சொல்கிறாரே, ஹூக் எந்த நாட்டிலிருந்து வருகிறது?'. ராசிபலன் பகுதியில் எந்த ராசிக்கு எந்தக் கழுத்து என்று போடலாம். இலவச இணைப்பு இஞ்ச் டேப்.

டெய்லர் அக்காவிடம் இந்தத் திட்டத்தை விவரித்தபோது மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு யோசனை சொன்னார்.

"போடுங்க சார், நல்லதுதான். தாளு மட்டும் நல்லாப் பெருசா இருக்கணும். ஒரு பக்கம் எதுவும் அடிக்காம வெள்ளையா விட்டுருங்க. படிக்க வர்ற பிள்ளைகளுக்கு பேப்பர் கட்டிங் போட ஆகும்."

மறுபக்கத்து மை துணியில் ஒட்டாமலும் இருக்க வேண்டுமாம்.