அஞ்செழுத்து முதல் அக்னி-5 வரை

காரைக்கால் கோவில்பத்தில் பார்வதீஸ்வரர் கோயில் இருக்கிறது. தேவாரக் கணக்கில் இந்த ஊருக்குப் பெயர் திருத்தெளிச்சேரி. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இங்கே வந்து கும்பிட்டுவிட்டு, அக்கம்பக்கத்துப் போதிமங்கை வழியாகக் கிளம்பினார். சங்கும் தாரையும் முழங்க, பிற சமயத்தாருக்குச் சிங்கம் வருகிறது என்று விருது கூறிக்கொண்டு போவது அவருடைய பரிவாரத்தின் வழக்கம். போதிமங்கையோ புத்த சமயத்தாரின் ஊர். அடுத்தவர் தெருவில் நின்று உங்களுக்கு எமன் வருகிறான் என்று ஊதினால் யார்தான் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள்? புத்த நந்தி என்பவர் கூட்டத்தோடு வந்தார். முதலில் எங்களை வாதத்தில் வெல்லுங்கள், பிறகு ஊதிக்கொள்ளுங்கள் என்றார். எனக்கென்னவோ அது நியாயமான கோரிக்கையாகவே படுகிறது. சைவ அன்பர்கள் மன்னிக்க.

சம்பந்தரின் பதிகங்களை ஏட்டில் எழுதிவந்த அடியார் ஒருவர் கூடவே இருந்தார். அவர் அஞ்செழுத்தையே அஸ்திரமாகச் சொல்லும் ஒரு பாட்டை எடுத்துப் பாடினார். இடி விழுந்தது. புத்த நந்தியின் தலை வேறு, உடல் வேறு. சொல்வது பெரியபுராணம். எதிர்த்தரப்பு அறிக்கை நம் கைக்கு வந்து சேரவில்லை. தோற்ற கட்சிக்குச் சேக்கிழார் வாய்ப்பதில்லை.

ஏவுகணைத் தொழிலில் இருப்பவர்கள் இந்தக் கதையைக் கேட்டால் பொறாமையில் வெந்துபோவார்கள். ஏவுதளம் வேண்டாம். எரிபொருள் நிரப்ப வேண்டாம். தலைவர் பல்லக்கை விட்டு இறங்கக்கூட வேண்டாம், உதவியாளரே ஏவிவிடலாம். முடிவெடுத்த கணமே புறப்பாடு. அடுத்த 1,300 ஆண்டுகள் உலகத்துப் பெரிய மூளைகளெல்லாம் கோடிகோடியாகக் கொட்டித் தேடியது இந்த ஒரு வசதியைத்தான்: நினைத்த மாத்திரத்தில் கிளம்ப வேண்டும்.

நடுவில் வந்தவர்களில் ஹைதர் அலியையும் திப்புவையும் தாண்டிப்போக முடியாது. மைசூர்க்காரர்கள் வெடிமருந்தை இரும்புக் குழாயில் அடைத்தார்கள். மூங்கில் கழியில் கட்டினார்கள். திரியில் தீ வைத்தார்கள். காகிதக் குழாயாக இருந்தால் அழுத்தம் தாங்காமல் கிழியும்; இரும்பு தாங்கும், ஆகவே அதிக தூரம் போகும். 1780 செப்டம்பர் 10-ம் தேதி காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் கும்பினிப் படை மாட்டிக்கொண்டது. சண்டையின் நடுவே அவருடைய வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. ராக்கெட் விழுந்துதான் வெடித்தன என்று ராக்கெட் அபிமானிகள் சத்தியம் செய்கிறார்கள். கூப்பிடு தூரத்தில், காஞ்சியில் பெரும்படையோடு இருந்த ஹெக்டர் மன்றோ என்ன செய்தார்? பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைப் பக்கம் நடையைக் கட்டினார். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறைக்குப் போய் அங்கேயே இறந்தார்.

1799-ல் திப்பு வீழ்ந்ததும் மிச்சமிருந்த ராக்கெட்டுகள் லண்டனுக்குக் கப்பலேறின. வில்லியம் காங்கிரீவ் அவற்றைப் பார்த்துத் தன் பெயரில் ஒன்று செய்தார். 1814-ல் அது பால்டிமோர் கோட்டை மேல் பறந்து, அமெரிக்காவின் தேசிய கீதத்திலேயே இடம்பிடித்துவிட்டது. மூங்கில் கொடுத்த மைசூருக்கு அதில் ஒரு சொல்கூட இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் திரவ எரிபொருள் வந்தது. சக்தி அதிகம், சங்கடமும் அதிகம். அமெரிக்காவின் அட்லஸ் ஏவுகணைக்கு மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கிற திரவ ஆக்சிஜன் வேண்டும். முன்கூட்டியே நிரப்பி வைத்தால் ஆவியாகிப் போய்விடும். சண்டை என்று தகவல் வந்த பிறகுதான் நிரப்ப வேண்டும். அதற்கு கால் மணி நேரம் ஆகும். எதிரி அதுவரை கைகட்டி நிற்பானா? அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டுக் கிளம்புகிறவனுக்கும் கட்டுச்சோற்று மூட்டையோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் உள்ள வித்தியாசம்தான் திரவத்துக்கும் திடத்துக்கும்.

அந்தக் கட்டுச்சோற்றை முதலில் உருப்படியாகக் கட்டியவர் ஜான் பார்சன்ஸ். கல்லூரிப் பட்டம் கிடையாது. கலிஃபோர்னியாவில் கால்டெக் வளாகத்தைச் சுற்றி ராக்கெட் வெடித்துக்கொண்டிருந்த ஒரு கோஷ்டியில் அவரும் ஒருவர். அந்தக் கோஷ்டிக்கு மற்ற மாணவர்கள் வைத்த பெயர் தற்கொலைப் படை. 1942-ல் பார்சன்ஸ் ரோடு போடுகிற தாரை உருக்கி அதில் பொட்டாசியம் பெர்குளோரேட்டைக் கலந்தார். ஆறியதும் கெட்டியாகி, சொன்னபடி எரிந்தது. நவீன திட எரிபொருள் பிறந்தது.

பார்சன்ஸ் பகலில் ரசாயனம் பார்த்தார், இரவில் மாந்திரீகம் பார்த்தார். அலெய்ஸ்டர் க்ரௌலி என்ற ஆங்கிலேய மந்திரவாதியின் பக்த கோடிகளில் ஒருவர். ராக்கெட் சோதனைக்கு முன்னால் தோத்திரம் சொல்வார். நம்மூரில் ராக்கெட்டுக்குத் தேங்காய் உடைத்தால் கேலி பேசுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். பின்னாளில் சயன்டாலஜி என்ற மதத்தைத் தொடங்கிய ரான் ஹப்பர்ட் அவர் வீட்டில் தங்கவந்தார். போகும்போது அவருடைய காதலியையும் சேமிப்பில் பெரும் பகுதியையும் கொண்டுபோனார். இதற்கு எந்த மந்திரமும் உதவவில்லை. 1952-ல், 37 வயதில், வீட்டுச் சோதனைக்கூடத்தில் ஏதோ வெடித்து பார்சன்ஸ் போய்ச் சேர்ந்தார். நிலாவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். பூமியிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கத்தில்.

அதே கோஷ்டியில் சியான் சூசென் என்ற சீனரும் இருந்தார். அமெரிக்க ராணுவத்துக்கு உழைத்தவர். 1950-ல் கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டு அவரை ஐந்து வருடம் வீட்டுக் காவல் மாதிரி வைத்திருந்து, 1955-ல் சீனாவுக்கே அனுப்பிவைத்தார்கள். அவர் அங்கே போய்ச் சும்மா இருக்கவில்லை. சீன ஏவுகணைத் திட்டத்தையே கட்டி எழுப்பினார். எதிரிக்கு ஏவுகணை விஞ்ஞானியைக் கப்பல் ஏற்றி அனுப்பிய நாடு சரித்திரத்தில் வேறு உண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன், அகப்படவில்லை.

தார் வெயிலில் இளகும், குளிரில் விரிசல் விடும். அதற்குப் பதில் வந்தது தயோகோல் என்ற செயற்கை ரப்பர். ஜோசப் பேட்ரிக் என்பவர் 1920-களில் வேறு எதையோ செய்யப் போய்க் கிடைத்த பிசின் அது. கான்சாஸ் சிட்டியில் நாற்றம் தாங்காமல் ஊர்க்காரர்கள் கொதித்தெழ, கம்பெனி நியூஜெர்சிக்குக் குடிபெயர்ந்தது. விற்காத அந்தச் சரக்குக்கு ராக்கெட்காரர்கள் வாடிக்கையாளர்களாக வந்தபோது கம்பெனிக்கே ஆச்சரியம். ரப்பர் கூழில் பெர்குளோரேட்டைக் குழைத்து, உறைக்குள் ஊற்றி, நடுவில் நட்சத்திர வடிவத்தில் துளைவிட்டு இறுகவைத்தார்கள். தீ துளையில் தொடங்கி வெளிப்பக்கமாக நகரும். எரியும் பரப்பு ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால் உந்துவிசை ஏறி இறங்காது. கடைசி வரை எரிபொருளே கவசமாக நிற்பதால் உறையும் உருகாது. 1950-களின் நடுவில் அலுமினியத் தூளைத் தாராளமாகச் சேர்த்தபோது சக்தி எகிறியது. கொஞ்சத்துக்கு மேல் சேர்த்தால் பயனில்லை என்று ஏட்டுக் கணக்கு சொல்லியிருந்தது. இரண்டு இளைஞர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

இதையெல்லாம் சேர்த்துக் கண்டம் தாண்டும் ஏவுகணையாக்கியவர் அமெரிக்க விமானப் படையின் கர்னல் எட்வர்ட் ஹால். யாருக்கும் பிடிக்காத மனிதர். சண்டை போட்டே காரியம் சாதித்தவர். மினிட்மேன் அவருடைய குழந்தை. அவருடைய தம்பி தியோடர் ஹால் அணுகுண்டு செய்த லாஸ் அலமோஸில் மிக இளைய விஞ்ஞானி. குண்டின் ரகசியத்தை 1944-லேயே சோவியத்துக்குக் கொடுத்தவர். ஆக, ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவரில் தம்பி ரஷ்யாவுக்குக் குண்டு கிடைக்க வழிசெய்தார். அண்ணன் ரஷ்யா மேல் குண்டு போட வண்டி செய்தார். தம்பி மீது கடைசிவரை வழக்கே இல்லை. விஷயம் வெளியே வந்தது 1995-ல்.

மினிட்மேன் 1961 பிப்ரவரியில் முதல் முறையாகப் பறந்தது. 1962 அக்டோபரில், கியூபா விவகாரத்தில் உலகமே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த வாரத்தில், மொன்டானாவில் காவலுக்கு உட்கார்ந்தது. சாவியைத் திருப்பினால் ஒரு நிமிடத்துக்குள் கிளம்பும். அதன் மூன்றாவது வகை 1970-ல் குழிக்குள் இறங்கியது, இன்னும் ஏறவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக, தயார் நிலையில், அங்கேயே இருக்கிறது. அதற்குக் கட்டளை கொண்டுபோகும் அமைப்பில் 8 அங்குல ஃப்ளாப்பி டிஸ்க் 2019 வரைக்கும் ஓடியது. நிமிடத்தில் கிளம்ப வேண்டும் என்று தலைகீழாக நின்று செய்த சாமான், கிளம்பாமல் இருப்பதற்காக மாதச் சம்பளம் வாங்குகிறது.

நம் பக்கம் வருவோம். 1963-ல் ராமேஸ்வரத்து அப்துல் கலாம் பயிற்சிக்கு நாசா போனார். வாலப்ஸ் தீவு அலுவலக வரவேற்பறையில் ஓர் ஓவியம்: ராக்கெட் விடுகிறவர்கள் கறுத்த நிறத்தவர்கள், அடிவாங்குகிறவர்கள் வெள்ளைக்காரர்கள். உற்றுப் பார்த்தால் திப்புவின் படை. எவனுக்கும் ஞாபகமில்லாத நம் சங்கதியை அமெரிக்காக்காரன் சுவரில் மாட்டி வைத்திருந்தான்.

அதே ஆண்டு நவம்பர் 21-ம் தேதி தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் போனது. ராக்கெட் அமெரிக்காவுடையது, உள்ளே இருந்த சோடியப் புகை பிரான்சுடையது, அலுவலகம் மேரி மக்தலேனா தேவாலயத்தினுடையது. நமக்கென்று கடலும் உற்சாகமும். பிறகு பிரான்ஸ் தன் சென்டார் ராக்கெட்டை இங்கேயே செய்துகொள்ள உரிமம் கொடுத்தது. காரைக்காலைச் சட்டப்படி 1962-ல்தான் திருப்பிக் கொடுத்தவர்கள், சில வருடத்துக்குள் ராக்கெட் தொழிலும் கொடுத்தார்கள். பெருந்தன்மையா, பழக்கதோஷமா, தெரியாது.

திட எரிபொருளை வசந்த் கோவாரிகர் முதலானோர் திருவனந்தபுரத்தில் கிளறினார்கள். பெர்குளோரேட்டுக்கு ஆலுவாயில் தொழிற்கூடம் வந்தது. இறக்குமதிப் பிசினுக்கு மாற்றாக விளக்கெண்ணெயிலிருந்து ஒரு பிசினைக் கண்டுபிடித்தார்கள். நம் பாட்டிமார்கள் விளக்கெண்ணெயை எந்த வேகத்துக்காகப் புகட்டினார்களோ, ஏறக்குறைய அதே தத்துவம்.

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி-3. நான்கு அடுக்கும் திட எரிபொருள். கடைசி நிமிடங்களில் கணினி, நிறுத்து என்றது. கலாம் நிபுணர்களைக் கேட்டுவிட்டு, கணினியை ஓரம்கட்டிவிட்டு, கிளப்பினார். 317 வினாடியில் வண்டி வங்காள விரிகுடாவில். இதில் திட எரிபொருளின் தப்பு ஒன்றுமில்லை. இரண்டாம் அடுக்கைத் திருப்பும் கருவிக்கு வைத்திருந்த நைட்ரிக் அமிலம் ஒழுகிவிட்டது. அதாவது திரவம்தான் காலை வாரியது. பத்திரிகைக்காரர்களிடம் அடி வாங்க இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தானே போய் உட்கார்ந்தார். 1980 ஜூலை 18-ல் வெற்றி வந்தபோது, போய் நீயே பேசு என்று கலாமை அனுப்பினார். இந்தக் கதையில் கிண்டல் செய்ய முடியாத மனிதர் இவர் ஒருவர்தான்.

1983-ல் ஏவுகணைத் திட்டத்துக்குப் பணம் வேண்டும். பாதுகாப்பு அமைச்சர் ஆர். வெங்கட்ராமன், பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்துக்காரர். அறிவியல் ஆலோசகர் வி.எஸ். அருணாசலம். கேட்டவர் ராமேஸ்வரம். ஒன்றொன்றாகச் செய்கிறோம் என்று இவர்கள் தயங்கி நிற்க, எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்யுங்கள் என்றார் வெங்கட்ராமன். 388 கோடி ரூபாய். நிதியமைச்சராக இருந்தபோது பிறர் பையில் கைவிட்ட அனுபவம், இங்கே எடுத்துக் கொடுக்கிற துணிச்சலாக மாறியிருக்க வேண்டும்.

அந்தத் திட்டத்தில் பிறந்த அக்னி ஏவுகணையின் முதல் அடுக்கு எஸ்.எல்.வி-3-லிருந்து வந்த திட மோட்டார். இரண்டாவது, அதே திட்டத்துப் பிரித்வி ஏவுகணையின் திரவ எஞ்சின். கையில் இருந்ததை வைத்து ஒப்பேற்றிய வண்டி. 1989 ஏப்ரல் 20-ம் தேதி, புறப்பட 14 வினாடி இருக்கையில் கணினி நிறுத்தியது. இந்த முறை யாரும் அதை எதிர்த்துப் பேசவில்லை. மே 1-ம் தேதி மறுபடி, 10 வினாடியில். நாடே கேலிச்சித்திரம் போட்டது. அக்னிக்கு எங்கள் வெண்ணெயை எரிபொருளாகப் போட்டுப் பாருங்களேன் என்று அமுல் விளம்பரமே எழுதியது. மே 21 இரவு அமைச்சர் கே.சி. பந்த், நாளை ஜெயித்தால் என்ன வேண்டும் என்று கேட்டார். கலாம் கேட்டது ஒரு லட்சம் மரக்கன்று. மறுநாள் காலை அக்னி போயேவிட்டது. சண்டிப்பூரைச் சுற்றி வெளியேற்றப்பட்ட கிராமத்தார் வீடு திரும்பினார்கள்.

1999-ல் அக்னி-2 முழுக்கத் திடமானது. 2012 ஏப்ரல் 19-ம் தேதி வீலர் தீவிலிருந்து அக்னி-5 போனது: 17.5 மீட்டர் உயரம், 50 டன் எடை, மூன்று அடுக்கு. 2015-ல் அதை உருளைப் பெட்டிக்குள் அடைத்து லாரியிலிருந்தே ஏவிக் காட்டினார்கள். 2024 மார்ச் 11-ல் ஒரே ஏவுகணை பல தலைகளோடு போனது. அந்தச் சோதனைக்கு திவ்யாஸ்திரம் என்று பெயர். போதிமங்கையில் ஒரு தலை போனது. இங்கே பல தலைகள் போகின்றன, தனித்தனி விலாசத்துக்கு.

ஒரு சிக்கல் பாக்கி. வல்லரசுகளின் ஒப்பந்தக் கணக்குப்படி 5,500 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை. அக்னி-5 எவ்வளவு தூரம் போகும் என்றால் 5,000-க்கு மேல் என்கிறது நம் தரப்பு. அதெல்லாம் இல்லை, 8,000 போகும், மறைக்கிறார்கள் என்றார்கள் சீன நிபுணர்கள். நம் சரக்கை எதிராளி கூட்டிச் சொல்ல, நாம் குறைத்துச் சொல்லும் வியாபாரம் இது ஒன்றுதான். சீனக் கணக்கு சரியானால் காரைக்காலிலிருந்து பாரீஸ் ஏறத்தாழ அந்த எல்லைக்கு வந்துவிடும். அத்தை மகன் பாரீஸில் இருக்கிற, தாத்தாவின் பிரெஞ்சு பென்ஷனில் கட்டிய வீட்டில் குடியிருக்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்திய அரசின் கணக்கே போதும். 5,000-க்கு மேல் என்றால் எவ்வளவு மேல் என்று அவர்கள் கேட்கப் போவதில்லை.