கட்டுக்காவல்

திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் பிரிந்து உள்ளே வந்தால் எங்கள் ஊர், இரும்பை. இங்கே எப்படியும் வருஷத்துக்கு ஒரு கட்டுக்காவலர் உருவாகிவிடுகிறார். புதுச்சேரியில் வாடகை ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு ஆரோவில் பொன்னுருண்டையைப் பார்க்கக் கிளம்பும் கூட்டம் ஒருபுறம். முந்திரித் தோப்பிலிருந்து கீரியைத் துரத்திக்கொண்டு சாலையில் பாயும் மணி என்றொரு நாய் மறுபுறம். ஸ்கூட்டர் செம்மண் புழுதியோடு போய்விடும். நாய்க்குப் பின்னங்கால் எலும்பு முறியும். அதற்குச் சோறு வைத்தவர் அன்று முதல் கட்டுக்காவலர்.

அதற்கு முன் அவர் பரம சாது. பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் குடிக்கிற தண்ணீர்கூட அவரைத் தேடித்தான் நடந்து வரவேண்டும். நாய்க்குக் கட்டுப் போட்ட கால்நடை மருத்துவர், "ஆறு வாரம். ஓடக்கூடாது, தாவக்கூடாது, படி ஏறக்கூடாது. ஒண்ணுக்குப் போக மட்டும் கயிற்றில் பிடிச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம். அப்புறம் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம்" என்று சொல்லும்போது பொறுமையாகத் தலையாட்டுவார். ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்பார்.

"சரிங்க சார், இத மணிகிட்ட யாரு சொல்றது?"

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, கன்றுக்குட்டிக்கு ஒதுக்கியிருந்த மூலையைத் தட்டியால் அடைப்பார். டைல்ஸ் தரையில் கால் வழுக்கினால் கட்டு என்னாவது? வீட்டிலிருக்கும் சாக்கெல்லாம் தரைக்கு வரும். அழைப்புமணியின் ஒயரைப் பிடுங்கிவிடுவார். பால்காரர் தெருமுனையிலேயே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். மதில்மேல் மயில் வந்து உட்கார்ந்தால் மணிக்கு முன்னால் அவர் எழுந்துவிடுவார். "உஷ்ஷ்ஷ்!" மயில் பறந்துவிடும். மயில் கத்தினதற்குக் கண்ணைத் திறக்காத மணி, அந்த 'உஷ்'ஷுக்கு மூன்று காலில் எழுந்து நின்று குரைக்கும். கழுத்தில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் புனலுக்குள் குரைப்பதால், ஒலிபெருக்கி வைத்த மாதிரி கோட்டக்கரை வரை கேட்கும்.

அவருடைய வீட்டம்மா இதையெல்லாம் சமையலறை வாசலில் நின்று பார்ப்பார். "எனக்குக் கால் சுளுக்கினப்ப இந்த மனுஷன் ஒரு வாய் டீத்தண்ணி போட்டுக் குடுத்ததில்ல."

நலம் விசாரிக்க வருகிறவர்கள் தனி ஜாதி. ஒருவர், பேசாமல் ஆந்திராவுக்குக் கூட்டிப்போய்ப் புத்தூர் கட்டுப் போடுங்கள் என்பார். இன்னொருவர், "இன்னாண்ணா, இன்னும் மூணு கால் இருக்குல்ல?" என்பார். மூன்றாமவர்தான் வில்லங்கம். தன் முட்டிவலிக்கு வாங்கிய மாத்திரையில் பாதியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவார். அப்போது பார்க்கவேண்டும் நம் ஆளை. மனிதர்கள் வலிக்குப் போடும் இபுபுரூஃபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாராசிட்டமால் ஈரலைத் தின்றுவிடும் என்று கேட் வரைக்கும் கூடவே வந்து பாடம் நடத்துவார். இதில் நான் அவர் கட்சி. வலிக்கோ, துள்ளலை அடக்கவோ, மாத்திரையைக் கால்நடை மருத்துவர்தான் தரவேண்டும்.

மூன்றாவது வாரத்தில்தான் கட்டுக்காவலருக்கு உண்மையான சோதனை. மணிக்கு வலி போய்விடும். வலி போனால் கால் சரியாகிவிட்டது என்பது நாயின் கணக்கு. முறிந்த இடத்திலோ அப்போதுதான் மெத்தென்று ஒரு முடிச்சு விழுந்திருக்கும். அது இறுகி எலும்பாக இன்னும் பல வாரம் ஆகும். "கொஞ்சம் அவுத்து விடேன், பாவம்" என்கிறவர்களிடம் அவர் கேட்பார்: "சென்ட்ரிங் பிரிக்காத தளத்து மேல ஏறி நீ குதிப்பியா?"

ஓட விடாமல் களைக்க வைப்பது எப்படி என்று அவர் இதற்குள் ஒரு சாஸ்திரமே எழுதியிருப்பார். கொட்டாங்கச்சியில் தயிர்சோற்றை அப்பி ஃப்ரீசரில் வைத்து உறைய விட்டுக் கொடுப்பார். மணி அரை மணி நேரம் நக்கும். பழைய வேட்டியில் ஏழெட்டு முடிச்சுப் போட்டு, இரண்டில் மட்டும் வேகவைத்த கோழியை ஒளிப்பார். மோப்பம் பிடித்துப் பிடித்தே நாய் அசந்து தூங்கிவிடுகிறது, நானே பார்த்தேன். ஓட்டமில்லாத நாய் பெருத்துவிட்டால் பாரம் அந்தக் காலுக்குத்தான் என்று சோற்றைக் குறைக்கவும் செய்வார். ஆனால் மணி ஒரு பார்வை பார்க்கும். குறைத்ததெல்லாம் அவருடைய சொந்தத் தட்டிலிருந்து இட்லியாகத் திரும்பிப் போகும். ஆறு வாரத்தில் இளைக்கிறவர் அவர்தான்.

எங்கள் ஊர்த் தலபுராணத்தில் ஒரு கதை உண்டு. கடுவெளிச் சித்தர் அரசமரத்தடியில் அசையாமல் தவமிருந்தார். அந்தத் தவச்சூட்டில் மழையே பொய்த்தது. அவரை எழுப்ப அரசன் ஆள்மேல் ஆள் அனுப்பியும் ஆகவில்லை. கடைசியில் ஒரு தேவதாசி, உண்ணும் சருகுக்காக நீட்டிய அவர் கையில் அப்பளத்தை வைத்து வைத்துக் கண்திறக்க வைத்தாள். பிறகு கோயிலில் அவள் ஆடும்போது கழன்ற சிலம்பை அவரே எடுத்துக் காலில் பூட்டிவிட, ஊர் சிரித்தது. சித்தர் சினந்து பாட, லிங்கம் மூன்றாக வெடித்தது. சம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் இன்றைக்கும் செப்புத் தகடு சுற்றித்தான் இருக்கிறார். "நம்ம ஊர்ல சாமிக்கே கட்டுத்தான். எவ்ளோ அடக்கமா இருக்காரு பார்" என்று கட்டுக்காவலர் மணியிடம் சொல்வார். அசையாதவரை அசைக்க ஓர் அப்பளம் போதுமாயிருந்தது; அசைகிறதை அசையாமல் வைக்க அவர் இரண்டு கட்டு அப்பளம் தீர்த்துவிட்டார், மணி கேட்டபாடில்லை.

போன வாரம் நான் போனபோது, கழன்ற கட்டைத் தரையில் மண்டியிட்டு மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார். வீட்டம்மா சிரித்தார். எனக்கும் சிலம்பு ஞாபகம்தான். நல்லவேளை, அவர் பாடத் தெரியாதவர்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோட்டக்கரை திருப்பத்தில் ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டுங்கள். அவரைப் பார்க்க வந்தால் கேட்டைத் தட்டாதீர்கள், செல்பேசியில் கூப்பிடுங்கள். எடுக்கமாட்டார். மணி அவர் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கும். செல்பேசி எதிர் மேஜையில் இருக்கும்.