கட்டக்காரர்

வீட்டில் வாங்குவது ஒரே பேப்பர் என்றாலும் கட்டக்காரருக்கு அதில் ஒரு தாள்தான் சொந்தம். தேர்தல் முடிவு வந்த நாளானாலும் சரி, புயல் கரையைக் கடந்த நாளானாலும் சரி, இங்கிலீஷ் குறுக்கெழுத்துப் புதிர் இருக்கும் தாளை மட்டும் உருவிக்கொண்டு, மிச்சத்தைப் பெருந்தன்மையோடு குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்துவிடுவார். மயிலாப்பூர், மாம்பலம், நங்கநல்லூர்ப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். பெரும்பாலும் பேங்கிலோ ஏஜீஸ் ஆபீசிலோ ரிட்டையர் ஆனவர்.

எழுதுவது பேனாவில்தான். பென்சில் பிடிப்பவர்களை அவர் மதிப்பதில்லை. ரப்பர் வைத்திருப்பவர்களோடு பேசுவதே இல்லை. ஆனால் விடையில் கொஞ்சம் சந்தேகம் இருந்தால் அந்தப் பேனா தாளில் பட்டும் படாமலும் ஓடும். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்தே தெரியும். எழுத்துகளைக் கலைத்து அடுக்கவேண்டிய கிளூ வந்துவிட்டால், கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு என்று கைக்குக் கிடைத்ததன் முதுகில் அவற்றை வட்டமாக எழுதி, நடுவில் வெறித்துப் பார்ப்பார். வீடு பெருக்க வந்த அம்மாள் ஒருவர் சோபாவுக்கு அடியில் இப்படி நாலைந்து சக்கரங்களைப் பார்த்துவிட்டு, "யாரோ என்னமோ வெச்சிருக்காங்கம்மா" என்று மறுநாளிலிருந்து வரவில்லை.

"அதில் என்னதான் சார் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உட்காரவைத்துவிடுவார்.

"தமிழ்லயே சொல்றேன். 'கதைக்கு நடுவே விருந்து தொடங்கியது, பாரதி படைத்தது.' மூணு எழுத்து. சொல்லுங்க."

நாம் பாரதி வீட்டுச் சமையலறையை நினைத்துக்கொண்டு விழிப்போம். அதுதான் அவருக்கு வேண்டும்.

"சாப்பாட்டை மறந்துடுங்க சார்! விருந்து எந்த எழுத்துல தொடங்குது? 'வி'. அதைத் தூக்கிக் 'கதை'க்கு நடுவுல வைங்க. கவிதை! வாக்கியம் ஒரு பக்கம் கையைக் காட்டும், விடை வேற பக்கம் நிக்கும். ஆனா ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது."

கடைசி வரியைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுக்கும். எனக்கும் இதில் உடன்பாடுதான். எல்லாத் துப்பையும் நம் கையிலேயே கொடுத்துவிட்டு ஏமாற்றுகிற நேர்மை வேறு எந்தத் தொழிலில் இருக்கிறது?

அவர் பாராட்டுவது வசவில். சுமாரான கிளூவுக்கு "பரவாயில்லை." நல்ல கிளூவுக்கு "திருட்டுப் பய!" அரை நாள் அலையவிட்டு, குளிக்கும்போது திடீரென்று அவிழ்ந்த கிளூ என்றால், ஈரத்துண்டோடு ஓடிவந்து "படுபாவி! படுபாவி!" புதிர் தயாரிப்பவருக்கு இதைவிடப் பெரிய பட்டம் அவரிடம் கிடையாது.

வேலை வெட்டி இல்லாதவர் பொழுதுபோக்கு என்று யாராவது வாய்விட்டால் சரித்திரம் கிளம்பும். 1913 டிசம்பர் 21 அன்று ஆர்தர் வின் நியூயார்க் பத்திரிகையில் வைர வடிவில் போட்ட முதல் கட்டத்தை "அகராதி இருந்தாப் போதும்" என்று ஒதுக்கிவிடுவார். இங்கிலாந்துக்காரர்கள் அதில் சூது புகுத்திய பிறகுதான் அவருடைய மரியாதை ஆரம்பம். 1942-ல் 'டெய்லி டெலிகிராஃப்' 12 நிமிடப் போட்டி வைத்ததும், தேறியவர்களில் சிலரை பிளெச்லி பார்க்கில் எதிரியின் ரகசியச் செய்திகளை உடைக்க அழைத்துக்கொண்டதும், ஏதோ தனக்கே ஆர்டர் வந்த மாதிரி வரும். "நம்ம 'ஹிந்து'வுக்கு ஆரம்பத்துல கட்டம் போட்டவர் யாரு? அட்மிரல் கட்டாரி! கடற்படைக்கே தலைவரா இருந்தவர்!" அவர் சொல்கிற தோரணையில், கட்டாரி கப்பல் ஏறியதே கட்டம் போடப் பழகத்தான் என்று தோன்றும்.

இவ்வளவு நுட்பமும் கட்டத்தோடு சரி. "என்னங்க, எங்கம்மா வர்றாங்க, எழும்பூர் போய்க் கூட்டிட்டு வாங்க" என்று மனைவி சொன்னாள். வார்த்தைக்கு வார்த்தை அதுதான் அர்த்தம், சூது எதுவும் கிடையாது. கட்டக்காரர் சட்டை மாட்டினார், ஒரு காலில் செருப்பும் போட்டார். அதற்குள் 'மாமியார்' பிளந்துவிட்டது. "மாமி! யார்! 'அடுத்த வீட்டு அம்மாள் எவர்? மனைவியைப் பெற்றவர்!' ஆஹா!" இதை எழுதிவைக்கத் தாள் தேடியதில், மாமியார் தானே ஆட்டோ பிடித்து, பேரம் பேசி, பெட்டியோடு வாசலில் நின்றார்.

சிக்கிக்கொண்டால் நண்பருக்குப் போன் போகும். விடை கேட்பது கௌரவக் குறைச்சல்.

"பதினாலு ஆச்சா?"

"அப்பவே ஆச்சே. உனக்கு?"

"ஆச்சு, ஆச்சு. சும்மா கேட்டேன்."

இரண்டு வீட்டிலும் பதினாலு காலியாகவே கிடக்கும். மறுநாள் பேப்பரில் விடை வரும்போது கட்டக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்ப்பார்.

"இது கிளூவே இல்லை சார். போட்டவருக்கு வயசாயிடுச்சு."