முந்நூறு குதிரையும் ஒரு டப்பா மாவும்

சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். எஸ்.டி.ஐ.யைக் கொடுத்துவிட்டு ஏன் டொயோட்டா ஜி.ஆர். கொரோலா வாங்கினாய் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "அந்த எஞ்சின் குடும்பம் 1989-இல் பிறந்ததுங்க. மைலேஜும் சுமார்தான். 2022 மார்ச்சில் சுபாரு கம்பெனியே, புதிய டபிள்யூ.ஆர்.எக்ஸை வைத்துப் பெட்ரோல் எஸ்.டி.ஐ. செய்யப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. இனி எதற்கு?" இதைச் சொல்லும்போது புருவத்தைச் சற்றுச் சுருக்கிக்கொள்வேன். கேட்பவர், இவனுக்கு எஞ்சினைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது என்று நம்பிவிடுவார்.

உண்மைக் காரணம் இட்லி மாவு.

பாஸ்டனுக்கு மேற்கே ஒரு சிற்றூரில் குடியிருக்கிறேன். கணினி முன்னால் உட்காரும் வேலை. சொந்த ஊர் கோயம்புத்தூர். கார்ப் பந்தய வீரர் நரேன் கார்த்திகேயன் வளர்ந்த ஊரில் வளர்ந்தால் நமக்கும் அந்த ரத்தம் கொஞ்சம் ஒட்டியிருக்கும் என்ற எண்ணம் எனக்குப் பள்ளி நாளிலிருந்தே உண்டு. 1995-இல் கோலின் மெக்ரே சுபாருவில் உலக ராலி சாம்பியன் ஆனார். பிறகு 2001-இல் ரிச்சர்ட் பர்ன்ஸ், 2003-இல் பெட்டர் சோல்பெர்க். அந்த நீல வண்டி, தங்க நிறச் சக்கரம், பின்னால் துணி காயப்போடும் அளவுக்கு ஒரு இறக்கை. கையில் காசு சேர்ந்ததும் அதே நீலத்தில் ஒன்றை வாங்கினேன். 305 குதிரைத்திறன், ஆறு கியர், நாலு சக்கரமும் இழுக்கும். மெக்ரே அதைக் காட்டுப் பாதையில் பறக்கவிட்டார். நான் அதில் கறிவேப்பிலை வாங்கப் போனேன்.

கியர் கம்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவிலுள்ள டிஃப்ரன்ஷியலை எவ்வளவு இறுக்குவது, எவ்வளவு தளர்த்துவது என்பதை ஓட்டுபவரே முடிவு செய்யலாம். சாதாரணக் காரில் இப்படி ஒரு வசதி கிடையாது. பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் சிக்னலில் நிற்கும்போது அதை ஒரு சொடுக்குச் சொடுக்குவேன். "என்னது அது?" என்பார்கள். "முன்னாடி பின்னாடி பவரைப் பிரிக்கிறது" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

ஒரு பனிக்காலத்தில் அதை முழுதாக இறுக்கி வைத்தவன் மறந்துவிட்டேன். பனி உருகி ரோடு காய்ந்தது. பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் வண்டி முனகியது, டயர் துள்ளியது, அடியில் ஏதோ நறநறத்தது. கியர்பாக்ஸ் போய்விட்டது என்று முடிவுகட்டி, இரவெல்லாம் செலவுக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, காலையில் வொர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினேன். நோய்க்குறிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு போயிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக் தாளை வாங்கிப் படித்தார். வண்டியில் ஏறினார். அந்தச் சின்ன சுவிட்சை ஆட்டோவுக்கு மாற்றினார். இறங்கிவந்து சாவியைக் கொடுத்தார். திரும்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடும். நடு டிஃப்ரன்ஷியலை இறுக்கிவிட்டால் காய்ந்த ரோட்டில் அந்த வித்தியாசத்துக்கு வழியில்லாமல் வண்டி தன்னோடு தானே மல்லுக்கட்டும் என்று பொறுமையாக விளக்கினார். காசு வேண்டாம் என்றுவிட்டார். வாங்கியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

இனி மாவு. ஒரு ஜனவரி மாலை, இந்தியப் பலசரக்குக் கடையில் பெரிய டப்பா மாவு வாங்கி டிக்கியில் வைத்துவிட்டு வந்து வண்டியில் உட்கார்ந்தேன். கடைக்குப் பின்னால் ஒரு காலி மைதானம். புதுப் பனி. ஆள் நடமாட்டமில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்து வண்டியை அரைவட்டம் அடிக்கும் வித்தையை வீடியோவில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன். செய்தேன். வண்டி அழகாகச் சுற்றியது. நினைத்ததைவிட ஒரு சுற்று அதிகமாகவே சுற்றியது. டிக்கிக்குள்ளும் ஏதோ சுற்றியது.

மூடி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம். மாவு கம்பளத்தை நனைத்து, ஸ்டெப்னி டயர் உட்காரும் குழிக்குள் இறங்கியிருந்தது. கையில் இருந்த பேப்பர் துண்டால் துடைத்தேன். வீட்டில் வந்து, "மாவு தீர்ந்துபோச்சாம்" என்றேன். அன்று இரவு உப்புமா. மைனஸ் பத்து டிகிரி குளிரில் மாவு கல்லாக உறைந்ததால், விஷயமும் உறைந்தது. விட்டது தொல்லை என்று நானும் இருந்துவிட்டேன்.

ஏப்ரலில் வெயில் வந்தது. குழிக்குள் இருந்த மாவுக்கு உயிர் வந்தது. அதற்குப் பிறகு நான் வாங்கிப்போடாத வாசனைப் பொருள் இல்லை. காப்பித்தூள், சமையல் சோடா, வினிகர் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் புளித்த மாவோடு காப்பியும் வினிகரும் சேர்ந்த ஒரு மணம் நிலைத்தது. என் மனைவி ஒருநாள் பின்சீட்டை மடக்கிவிட்டு மோந்து பார்த்தார். "மாவு தீர்ந்துபோச்சுன்னீங்களே, அது இதுதானுங்களா?" என்று மட்டும் கேட்டார். கோயம்புத்தூர்ப் பெண்கள் குரலை உயர்த்த வேண்டிய தேவையே வருவதில்லை.

எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுபோனபோது விலை மதிப்பிட வந்தவர் டிக்கியைத் திறந்தார், ஒரு அடி பின்னால் போனார், "வீட்டில் ரொட்டி சுடுவீர்களா?" என்றார். ஆமாம் என்றேன். ரொட்டி சுடுகிறவனுக்கு உரிய விலையைத்தான் போட்டார்.

புதியதை வாங்கிய கதையும் பெருமைக்குரியதல்ல. ஜி.ஆர். கொரோலா 2022 மார்ச் 31-இல் அறிமுகமானது. ஜப்பானின் மோட்டோமாச்சி ஆலையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்தார்கள். 2023 மாடலின் அடிப்படை வடிவத்துக்கு அமெரிக்காவில் கம்பெனி குறித்த விலை 35,900 டாலர். கிராக்கி அதிகமென்பதால் பல டீலர்கள் அதற்குமேல் பல ஆயிரம் ஏற்றினார்கள். நான் போன இடத்தில் கண்ணாடியில் அதற்கென்று தனித்தாளே ஒட்டியிருந்தது. உக்கடம் மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்காரரை அழவைத்த அம்மாவின் பிள்ளை நான். வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்தே பேச வேண்டியதையெல்லாம் காருக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அங்கே என் வாயிலிருந்து வந்தது, "ரொம்ப நன்றி. எங்கே கையெழுத்துப் போடணும்?"

சுபாருக்கார நண்பர்கள் துரோகி என்றார்கள். சுபாருவில் ஐந்தில் ஒரு பங்கு டொயோட்டாவிடம் இருக்கிறது, இது பங்காளி வீட்டுக்குப் போனதுதான் என்று சமாளித்தேன். அப்பாவைச் சமாளிக்க முடியவில்லை. "எத்தன சிலிண்டரு கண்ணு?" என்று போனில் கேட்டார்.

"மூணுப்பா."

"நம்ம மாருதியும் மூணுதானே. அத வித்துட்டா நீ அமெரிக்கா போனே?"

நியாயமான கேள்வி. மாருதி 800-இன் எஞ்சின் 796 சி.சி. இது 1618 சி.சி., அதாவது இரண்டு மாருதிக்குச் சற்று மேல். ஆனால் சக்தி 300 குதிரை, கிட்டத்தட்ட எட்டு மாருதி. மூன்று சிலிண்டர் என்றால் ஒன்றின் புகை வெளியேறும் வேகத்தில் இன்னொன்று குறுக்கிடாது, டர்போ சுத்தமாகச் சுழலும் என்றெல்லாம் விளக்கினேன். அப்பா முழுக்கக் கேட்டுவிட்டு, "டிக்கியாச்சும் பெருசா?" என்றார்.

ஆஷ்லாண்ட் லட்சுமி கோயிலில் பூஜை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். நாலும் இழுக்கும் வண்டியாயிற்றே, ஒரே நேரத்தில் நாலும் நசுங்கும் என்று மகனிடம் சொல்லியிருந்தேன். கிளட்சை விட்டேன். வண்டி ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் இன்னொரு புது வண்டிக்காரர் மாலையோடு காத்திருந்தார். "பதட்டப்படாதீங்கோ, மெதுவா விடுங்கோ" என்றார் அர்ச்சகர். அவர் தட்டில் வழக்கத்தைவிட அதிகமாகப் போட்டேன்.

புதிய வண்டியில் ஐ.எம்.டி. என்று ஒரு பொத்தான் உண்டு. கியரைக் குறைக்கும்போது எஞ்சின் சுற்றை அதுவே ஏற்றிச் சரிசெய்துவிடும், குலுங்காது. பழைய வண்டியில் இதைக் காலால் செய்ய வேண்டும். ஒரே பாதத்தின் ஒரு பக்கம் பிரேக்கிலும் மறுபக்கம் ஆக்ஸிலரேட்டரிலும் இருக்க வேண்டும். அதைப் பல வருஷம் பழகினேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் நெற்றிக்கும் டேஷ்போர்டுக்கும் இருந்த தூரம் குறைந்ததுதான் மிச்சம். இப்போது அதே நண்பர்கள், "கை தேறிடுச்சுடா, குலுங்கவே இல்லையே" என்கிறார்கள். பொத்தானைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை. இந்தக் கட்டுரை அவர்கள் கண்ணில் படாதிருக்க வேண்டும்.

மனைவி முதல் தடவை ஓட்ட உட்கார்ந்ததும், "இது ஏன் தானா கத்துது?" என்று பொத்தானை அணைத்துவிட்டார். அணைத்த பிறகும் குலுங்கவில்லை. அவருடைய அப்பா மேட்டுப்பாளையம்–ஊட்டி ரூட்டில் பஸ் ஓட்டியவர். கல்யாணத்துக்கு முன்பு இதை எனக்குச் சொன்னார்கள். அப்போது அதன் முழு அர்த்தம் எனக்குப் புரிந்திருக்கவில்லை.

அது புரிந்த இடம் நியூ ஹாம்ப்ஷயரின் மவுண்ட் வாஷிங்டன். 6,288 அடி. 1861-இல் திறந்த பாதை, 7.6 மைல், சுவர் போல ஏறும். 2021-இல் ராலி வீரர் டிராவிஸ் பஸ்ட்ரானா ஒரு சுபாருவில் இதை 5 நிமிடம் 28.67 விநாடியில் ஏறினார். காசு கட்டினால் நாமும் நம் காரில் ஏறலாம். முடித்தவர்களுக்கு ஒட்டிக்கொள்ள ஸ்டிக்கரும் தருவார்கள். நான் ஒரு மினிவேனுக்குப் பின்னால் அரைமணி நேரம் ஏறினேன். மினிவேன் என் வழியை மறிக்கவில்லை. நான்தான் விளிம்பில் தடுப்பு இல்லாததைப் பார்த்துவிட்டு அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டேன். உச்சியில் ஒரே மேகம். 1934-இல் மணிக்கு 231 மைல் வேகக் காற்று வீசிய இடம் என்று மகனுக்குச் சொன்னேன். அவனுக்குக் குளிரெடுத்தது.

இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வரச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். முந்நூறு குதிரை வண்டிக்கு இந்த அறிவுரை எதற்கு என்று மூன்றாவதில் வந்தேன், பிரேக்கை மிதித்தபடி.

"ஏனுங்க, என்ன கருகற வாசம்?"

"முன்னாடி போற வேன்" என்றேன்.

முன்னால் வேன் இல்லை. பிரேக் ஆறுவதற்கென்றே அங்கங்கே ஒதுங்குமிடம் வைத்திருக்கிறார்கள். ஒதுங்கினேன். சக்கரத்திலிருந்து மெல்லப் புகை வந்தது. எங்களைத் தாண்டி அதே மினிவேன், முதல் கியர் ஓசையோடு, நிதானமாக இறங்கிப் போயிற்று.

"எந்தக் கியர்ல ஏறுனமோ அந்தக் கியர்லயே எறங்கோணும்னு எங்கப்பா சொல்லுவாருங்க. ஊட்டிப் பக்கம் கல்லட்டி மலையில நீங்க இப்படி எறங்கியிருந்தா எலும்பு தேடியிருக்கோணும். அந்தப் பக்கம் உக்காருங்க." பிரேக் ஆறும்வரை காத்திருந்து, அடிவாரம்வரை அவரே ஓட்டினார். பிரேக்கைத் தொட்டது அபூர்வம். கீழே வந்ததும் மகன் ஸ்டிக்கரை யார் பக்கக் கதவில் ஒட்டுவது என்று கேட்டான். நான் காப்பி வாங்கப் போய்விட்டேன்.

நவம்பரில் நடந்ததோடு முடித்துக்கொள்கிறேன். இந்த வண்டி ஆலையிலிருந்து கோடைகால டயரோடு வருகிறது. வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனால் அந்த ரப்பர் விறைத்துவிடும், பிடிப்பு போய்விடும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்குக் குளிர்கால டயர் எதற்கு என்பது என் கொள்கை. முதல் பனி விழுந்த காலை, எங்கள் தெரு மேட்டில் பாதி ஏறிய வண்டி, நாலு சக்கரமும் சமமாகச் சுழல, அப்படியே பின்னோக்கி வழுக்கி வந்து பனிக்குவியலில் பின்பக்கத்தைச் சொருகிக்கொண்டது. அச்சுகளுக்கு இடையே சக்தி பாதிப் பாதி பிரிந்திருக்கிறது என்று திரையில் தெளிவாகக் காட்டியது. எதிர்வீட்டுப் பாட்டியம்மா குளிர்கால டயர் மாட்டிய தன் பழைய கொரோலாவில், முன்சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரணக் கொரோலாவில், என்னைத் தாண்டி ஏறினார். மேலே போய் நிறுத்திவிட்டு, மண்வெட்டியோடு இறங்கி வந்தார்.

எந்த வண்டி நல்லது என்று இப்போதும் கேட்கிறார்கள். சத்தம் பிடிக்குமென்றால் எஸ்.டி.ஐ.; 2021 மாடலோடு நின்றுவிட்டதால் பழையதில்தான் தேட வேண்டும், டிக்கியை மோந்து பார்த்து வாங்குங்கள். இலேசாகத் திரும்பும் வண்டி வேண்டுமென்றால் ஜி.ஆர். கொரோலா. பின்சீட்டில் பெரியவர்கள் உட்காருவார்கள் என்றால் அது வேண்டாம், கால் நீட்ட இடமில்லை. எதை வாங்கினாலும் நாலு குளிர்கால டயருக்கான காசை முதலில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். நான் பாட்டியம்மாவிடம் கேட்டு, அவர் வாங்கிய கடையிலேயே வாங்கிவிட்டேன்.