சுவருக்கு ஓர் எழுத்து

லண்டனின் வெம்பிளியில் தமிழர் வீடுகளுக்கு நீர்வண்ண எழுத்தோவியம் இன்றியமையாதது. சமையலறையில் ‘சமையலறை’ என்று எழுதி மாட்டாவிட்டால், குழம்பு எங்கே கொதிக்கிறதென்று குடும்பத்துக்கு எப்படித் தெரியும்?

செய்முறை எளிது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் வேண்டும். மெல்லிய தாள் ஈரத்தில் நெளியும். பென்சிலால் எழுத்தை மெலிதாக வரைந்து, உள்ளே தண்ணீர் மட்டும் தடவி, அது காயுமுன் இரண்டு வண்ணங்களைத் தொட்டுவைத்தால் அவை தாமே கலந்துகொள்ளும். வேலை தண்ணீருக்கு, பெயர் கலைஞருக்கு. வண்ணத்துக்கும் பஞ்சமில்லை: 1832இல் லண்டனில் தொடங்கிய வின்சர் அண்ட் நியூட்டன், அருகிலுள்ள வீல்ட்ஸ்டோனில்தான் நெடுங்காலம் ஆலை நடத்தியது.

சொல்லைத் தேர்வதில்தான் ஞானம். ‘அமைதி’ தொலைக்காட்சிக்கு மேலே பொருந்தும்; அதை வரைந்து முடிக்கும்வரை பிள்ளைகளை அதட்டினால் போதும். அவர்களுக்குத் தமிழ் வாசிக்க வராதென்பதும் குறையல்ல. நல்ல பூவேலை என்று பாராட்டுவார்கள்.

வரவேற்பறையின் மகுடம், ‘எங்கள் வீடு’. அதை மாட்ட ஆணி அடிக்கும் முன் வீட்டுச் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். இங்கிலாந்தில் வாடகை முன்பணம் பெரும்பாலும் ஐந்து வார வாடகையைத் தாண்டக்கூடாது. சுவரில் விழுந்த ஓட்டைக்கு அதிலிருந்துதான் கழிப்பார்கள்.