அரைப் புள்ளி

எஸ்.பி.எம். எழுதியவர்களுக்கு 2பி பென்சிலின் மகிமையைச் சொல்லவே வேண்டாம். வேறு பென்சிலால் கருமையாக்கினால் இயந்திரம் கண்டுகொள்ளாது என்ற பயத்தில், பரீட்சைக்கு முதல் நாள் கேமரன் மலைத் தோட்டத்துப் பிள்ளைகள் ரிங்லெட், தானா ராத்தா கடைகளுக்குப் படையெடுப்பதும், வாங்கி வந்த பென்சிலுக்கு அம்மா சாமி படத்தின் முன் திருநீறு பூசித் தருவதும், விடை தெரியாத கேள்விக்கெல்லாம் ‘சி’ கட்டத்தையே நிரப்பிவிட்டு நாம் நிம்மதியாக ஜன்னலுக்கு வெளியே மூடுபனி பார்த்ததும் உங்களுக்கும் நினைவிருக்கும். இந்தக் கூத்துக்கு மூலவரே ஒரு வாத்தியார்தான் என்று பிற்பாடு படித்தேன். அமெரிக்காவின் மிச்சிகனில் பாடம் நடத்திய ரெய்னால்ட் ஜான்சன், பென்சில் கரியில் மின்சாரம் பாய்வதை வைத்து விடைத்தாள் திருத்த வழி கண்டார்; ஐபிஎம் அதை 1938இல் இயந்திரமாக்கியது. விடைத்தாள் கட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடாத வாத்தியார் எந்த நாட்டில்தான் இருக்கிறார்!

தோட்டத்துப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு எனக்குப் பட்ட ஆசை வந்தது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971இலேயே தொலைதூரக் கல்வியைத் தொடங்கியிருந்த புண்ணியத்தில், பகலெல்லாம் பாடம் சொல்லிவிட்டு, இரவில் லயத்து வீட்டு அடுப்பருகே விரல்களைச் சூடேற்றிக்கொண்டு இடுபணி எழுதினேன். கங்காணி கூடைக் கொழுந்தை நிறுப்பதுபோல விரிவுரையாளரும் தாளை நிறுத்துத்தான் புள்ளி போடுவார் என்று மனமார நம்பி, ஒரு வரியில் முடிகிற விஷயத்தை ஒரு பக்கத்துக்கு இழுப்பேன். சிரிக்காதீர்கள், கட்டுரையைக் கணினியே திருத்தும் காலம் வந்துவிட்டது என்று 1966இல் அறிவித்த எல்லிஸ் பேஜ் என்ற பேராசிரியரின் கணினியும் நீளத்தையும் கால்புள்ளிகளையும் எண்ணித்தான் தரம் பார்த்தது. அந்தக் கணினி மட்டும் எனக்கு வாய்த்திருந்தால் நான் தங்கப் பதக்கக்காரன்.

எனக்கு வாய்த்தவரோ மனிதர். தாப்பா வளைவுகளில் இறங்கிப் பினாங்கு போன தடித்த உறை, நான் மறந்தே போன ஒரு மழை நாளில் சிவப்பு மையோடு திரும்பி வரும்: ‘கருத்து நன்று, கேள்வி இதுவல்ல.’ கேள்விக்கு விடை சொல்லாதவனுக்கும் கருத்துக்காகச் சில புள்ளிகள் போட்டிருப்பார். நேர்முக வகுப்புக்குப் பினாங்கு போகும்போது, உணவகத்தில் அவரருகே தேநீரோடு உட்கார்ந்து நயமாகப் பேசினால் இன்னொரு அரைப் புள்ளியும் கறந்துவிடலாம். அந்த அரைப் புள்ளியின் ருசி முழுப் புள்ளிக்குக் கிடையாது.

இப்போது தம்பி மகள் அதே மலையில் மடிக்கணினி முன் உட்கார்ந்து பல்கலைக்கழகப் பரீட்சை எழுதுகிறாள். 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது சபாவில் ஒரு மாணவி பரீட்சைக்கு லைன் தேடி மரமேறினாள் அல்லவா, அப்போது இவளும் குடையோடு தேயிலைக் காட்டு மேட்டுக்கு ஏறியவள்தான். இன்று வீட்டுக்குள்ளேயே லைன் வருகிறது, மேகம் மனசு வைத்தால். கடைசிக் கேள்வியைத் தட்டிய கையோடு, “பெரியப்பா, புள்ளி வந்திருச்சு” என்றாள். யாரும்மா திருத்தினது என்றேன். “சிஸ்டம்” என்றாள்.

கணினி நியாயவான், கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காது, யார் பிள்ளை, எந்தத் தோட்டம் என்று விசாரிக்காது, வாரக்கணக்கில் வயிற்றைக் கலக்காது. ஆனால் அதனுடன் தேநீர் குடிக்க முடியாதே என்று நான் அங்கலாய்த்துக்கொண்டிருந்தபோதே, ஏழாவது கேள்விக்கு இரண்டு விடையும் சரிதான் என்று அவள் விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் தட்ட ஆரம்பித்திருந்தாள். எட்டிப் பார்த்தேன்: திரைக்குள் அடங்காத நீளம். சிஸ்டம் அதையெல்லாம் படிக்காது. அந்த மனிதர்தான் உட்கார்ந்து படித்தாக வேண்டும், பாவம்.