வசனகர்த்தா அண்ணன்

பிரம்மதேசம் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இப்படி ஓர் அண்ணன் அகப்படுவார். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். பிள்ளைகள் யாராவது செல்போனில் கார்ட்டூன் பார்த்தால் போதும், "இதெல்லாம் ஒரு படமாடா?" என்று வந்து உட்கார்ந்துவிடுவார்.

அண்ணனுக்கு உலகத்தில் கார்ட்டூன் ஒன்றே ஒன்றுதான். ஜப்பான்காரர் யூகோ சாகோவும் நம் ராம் மோகனும் சேர்ந்து எடுத்து 1993-இல் வெளிவந்த ராமாயணம். "எல்லாம் கையால வரைஞ்சதுடா! லட்சம் படத்துக்குக் கிட்ட!" என்பார். பென்சில் சீவிக் கொடுத்ததே இவர்தானோ என்று தோன்றும்.

அதை அவர் பார்த்தது பள்ளிக்கூட நாளில், தீபாவளி லீவில், கார்ட்டூன் நெட்வொர்க்கில். ஐப்பசி மழையில் மரக்காணம் உப்பளமெல்லாம் வெள்ளக்காடு. பாத்தியில் வேலை கிடையாது. கேபிள் இருந்த ஒரே வீட்டில் தெருவே கூடிவிட்டது. படமோ இங்கிலீஷ் பேசியது. பத்தாவது படித்துக்கொண்டிருந்த அண்ணன்தான் மொழிபெயர்ப்பாளர். அவருடைய இங்கிலீஷின் லட்சணம் அவருக்கும் வாத்தியாருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். ராவணன் இரண்டு வார்த்தை பேசினால் அண்ணன் இருபது வார்த்தை சொன்னார். கும்பகர்ணன் எழுந்ததும் பழைய சோறும் கருவாட்டுக் குழம்பும் கேட்டான். அசோகவனத்துச் சீதை மாமியாரை நினைத்து அழுதாள். ஆயாக்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

2025 ஜனவரி 24 அன்று அதே படம் தியேட்டருக்கு வந்தது, தமிழ் பேசிக்கொண்டு. பாத்தி மிதிக்கிற வேலையை மச்சான் தலையில் கட்டிவிட்டு, மகனை இழுத்துக்கொண்டு அண்ணன் பஸ் ஏறினார். திரும்பி வந்தபோது முகம் தொங்கியிருந்தது.

"இன்னாண்ணா, படம் நல்லா இல்லியா?"

"படம் அதே படந்தான். வசனத்தைக் கெடுத்துட்டானுங்க. கும்பகர்ணன் கருவாட்டப் பத்தி வாயே தொறக்கல."

"எனக்கு நல்லா புரிஞ்சுதுப்பா" என்றான் பையன்.

"அதாண்டா கோளாறு!"

அடுத்த தீபாவளிக்கும் மழை தவறவில்லை. உப்பளம் மறுபடி தண்ணீருக்குள். அண்ணன் வீட்டுத் திண்ணையில் தெருப் பிள்ளைகளெல்லாம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் செல்போன், அதில் ராமாயணம். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு அண்ணன் தொண்டையைச் செருமினார். கும்பகர்ணன் கண் விழித்தான். கருவாட்டுக் குழம்பு மறுபடி கொதிக்கத் தொடங்கியது.